இறங்காமல் நின்றவர்

மக்களே,

நேற்று சங்க மண்டபத்தில் உனக்குப் பொன்னாடை போர்த்தியபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்தேன். ஆனால் கைதட்டவில்லை. மேடையில் நின்ற நீ அதைப் பார்த்துவிட்டாய். ஆட்டோவில் திரும்பும்போது, "அம்மா, கை வேதனையா?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கையில் ஒரு வேதனையும் இல்லை. நேரில் பேசினால் பாதியில் என் குரல் உடைந்துவிடும், நீயும் "சரி சரி, விடும்மா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன்.

என் பக்கத்து நாற்காலியில், நீ கிணற்றிலிருந்து மேலே கொண்டுவந்த மனிதரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். விழா முடியும்வரை என் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை குனிந்து அந்தக் கையில் முகத்தை வைத்து அழுதாள். "அம்மே, நிங்களுடெ மோன் இல்லெங்கில்" என்று, உங்கள் மகன் மட்டும் இல்லாவிட்டால் என்று, தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். அவளுடைய புருஷன் உயிரோடு இருக்கிறார். அவர் பிள்ளைகள் அவரை அப்பா என்று கூப்பிடுகிறார்கள். நீ இறங்கியிராவிட்டால் அது இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி நான் எழுதப் போவது எதுவும் இதைக் குறைத்துச் சொல்வதற்கு இல்லை.

பேசியவர் உன்னை, "சித்தப்பா காட்டின வழியிலே நடந்த பிள்ளை" என்றார். நீ தலையைக் குனிந்து சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டாய். அதிலிருக்கும் பர்ஸில் மாரி சித்தப்பாவின் சின்னப் படம் இருப்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அது உன்னிடம் இருக்கிறது. மண்டபத்தில் அவ்வளவு பேர் பேசினார்கள், ஒருவரும் உன் அப்பாவின் பேரைச் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்ன நீயும் சொல்லவில்லை. அதனால்தான் என் கை எழவில்லை.

நீ அரசு வேலைக்காக பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்த காலம் ஞாபகம் இருக்கிறதா? ஆரியசாலையில் பருப்பு கோடவுனுக்குப் பின்னால் இருந்த வாடகை வீடு. அப்பா அந்தக் கோடவுனில் காவலாளி, நான் அங்கேயே மிளகாய் காம்பு கிள்ளுவேன், சாக்குகளில் ஊர்ப்பேர் எழுதுவேன். சாயங்காலம் நீ தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஆங்கிலச் சொற்றொடர்களைச் சத்தம் போட்டுப் படிப்பாய். ஒருநாள் "ஃபாலோ சூட்" என்று ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாய். கோட்டு சூட்டு போட்டவன் பின்னால் போவதா என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். "இல்லம்மா. முன்னால ஒருத்தன் என்ன செஞ்சானோ அதையே அடுத்தவனும் செய்யுறது. ஒரு பேங்க் வட்டிய கூட்டினா மத்த பேங்கும் கூட்டும்லா, அப்போ பேப்பர்ல இப்படி எழுதுவாங்க" என்றாய். எனக்கு உடனே புரிந்தது. ஹர்த்தால் நாளில் நம் கடைத்தெருவில் அதைப் பார்த்திருக்கிறேன். யாராவது ஒருவர் ஷட்டரை இறக்குவார். அடுத்த கடைக்காரர் தலையை நீட்டி அதைப் பார்ப்பார், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார், தன் ஷட்டரையும் இழுப்பார். கொஞ்ச நேரத்தில் தெருவே இருண்டுவிடும். முதலில் இறக்கியவர் மதியச் சாப்பாட்டுக்குப் போவதற்காகக்கூட இறக்கியிருக்கலாம்.

அப்புறம் நீ அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொன்னாய். "சீட்டுக்களியில இருந்து வந்ததும்மா. முதல்ல எறியுறவன் ஸ்பேடு எறிஞ்சா பின்னால உள்ளவனும் ஸ்பேடுதான் எறியணும். கையில அந்த இனம் இருக்கும்போ வேற எறியக்கூடாது." அப்பா மூலையில் உட்கார்ந்து டார்ச்சுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் தம்பியோடும் கூட்டாளிகளோடும் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடியவர்தான். தம்பியின் சாவுக்குப் பிறகு சீட்டைத் தொட்டதில்லை. அவர் தலையைத் தூக்கி உன்னைப் பார்த்து, "கையில அந்த இனம் இல்லேன்னா?" என்று கேட்டார். "இல்லேன்னா எதை வேணா எறியலாம்ப்பா, அது குத்தமில்ல" என்றாய். அவர் டார்ச்சின் மூடியைத் திருகினார். "எங்கிட்ட இருந்துது" என்று சொல்லிவிட்டு எழுந்து கோடவுனுக்குப் போனார். நீ அடுத்த சொற்றொடருக்குப் போய்விட்டாய். அவர் எதைச் சொன்னார் என்று உனக்குப் புரியவில்லையா, புரிந்தும் புரியாததுபோல் இருந்தாயா, எனக்கு இன்றுவரை தெரியாது.

கிணற்றில் நடந்ததை நீ பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாய். அங்கே நின்ற என் வாயிலிருந்து ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. இப்போது சொல்கிறேன்.

அப்பாவும் மாரியும் சேர்ந்துதான் வேலைக்குப் போவார்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு முதலில் வந்தவர் அப்பா. அவரைப் பார்த்து மாரி வந்தான். அப்பா கொத்தவேலை பிடித்தால் அவனும் கொத்தவேலை, அப்பா கிணறு தூர்வாரப் போனால் அவனும் தூர்வார. நடக்கும்போதுகூட அண்ணன் கையைப் பின்னால் கட்டினால் தம்பியும் கட்டுவான். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இதைச் சொல்லிச் சிரிப்பேன். மழைக்கு முந்தைய மாதங்களில் கிணற்று வேலை நிறைய வரும். கயிறு இழுக்கவும் சேறு சுமக்கவும் நானும் போவேன். அன்றைக்கும் போனேன். ஊருக்கு வெளியே ஒரு பழைய வீடு, ஆழமான கிணறு. உன் அப்பா, மாரி, பாபு என்று ஒரு மலையாளிப் பையன், நான், இத்தனை பேர்தான். பாபுவுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய்.

தண்ணீரை இறைப்பதற்கு எஞ்சினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு திட்டில் இறக்கி ஓடவிட்டார்கள். அப்போதெல்லாம் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். யாரோ ஒருவர் செய்து அடுத்தவர் செய்து அதுவே வழக்கமாகிவிட்டது. எஞ்சின் புகை மேலே வந்து போய்விடும் என்று நினைத்தோம். அது உள்ளேயே தங்கியது. எஞ்சினை நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்துக் குழாயை மாற்ற பாபு இறங்கினான். பாட்டுப் பாடிக்கொண்டேதான் இறங்கினான். பாட்டு நின்றது. பிறகு தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம். எட்டிப் பார்த்தால் அவன் சேற்றுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தான்.

மாரி கயிற்றைப் பிடித்துவிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்குப் பின்னால் அப்பா நின்றார், அப்பாவுக்குப் பின்னால் நான். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள். மாரி இறங்கும்போது நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை. அவசரம் மட்டும்தான் இருந்தது. பாதிக் கிணறு இறங்கியதும் மேலே பார்த்து, "அண்ணே, எனக்கு என்னமோ" என்றான். கை நழுவியது. பாபுவின் மேலேயே விழுந்தான். கொஞ்ச நேரம் கால் மட்டும் தண்ணீரை அடித்தது.

அப்பா ஒரு காலைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டார். நான் பின்னாலிருந்து அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தரையில் தொய்ந்தேன். என் எடை முழுவதையும் அவர் மேல் போட்டேன். "விடுடீ! எந்தம்பிடீ! விடு!" என்று கத்தினார். முழங்கையால் என் முகத்தில் இடித்தார். என் முன்பல் ஒன்று பாதியாய் இருப்பதற்கு, துணி துவைக்கிற கல்லில் விழுந்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது அந்த முழங்கை. வாய் நிறைய ரத்தத்தோடு, "எறங்காதீங்க, எறங்காதீங்க" என்று அவர் முதுகில் முகத்தை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு ஃபயர் ஃபோர்ஸுக்கு ஃபோன் செய்யப் போனார். கீழே சத்தம் நின்றது. அதற்குப் பிறகு அப்பா உதறவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, சுவரில் அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டி வந்து ஆட்கள் வந்து தொட்டுத் தூக்கும்வரை நான் கையை எடுக்கவில்லை.

முகமூடி போட்டு இறங்கி இரண்டு பேரையும் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் உயிர் இல்லை. அவர்களில் வயதான ஒருவர் அப்பாவின் தோளில் கைவைத்து, "சேட்டா, நீங்க இறங்கியிருந்தா ஞங்கள் இப்போ மூணு பேரைத் தூக்கணும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அப்பாவின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

தைக்காட்டுச் சுடுகாட்டில் எரித்துவிட்டு வந்த அன்று மாரியின் மனைவி, உன் செல்வி சித்தி கேட்டது உனக்குத் தெரியும், ஏனென்றால் நீ அங்கே என் மடியில் இருந்தாய். "அத்தான், அவரு எறங்குனாருல்லா, நீங்க ஏன் எறங்கல?" நான்தான், "செல்வி, நான் புடிச்சு நிறுத்தினேன். என்னைத் திட்டு" என்றேன். வீங்கின முகத்தைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டே, "சிமெண்ட் மூட்டை தூக்குற ஆளை ஒரு பொம்பள புடிச்சா நின்னுருமா? நிக்கணும்னு நெனச்சா நிக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் நம் வீட்டுப் படி ஏறவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு நெடுமங்காட்டுப் பக்கம் போய்விட்டாள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் நம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அப்பா அதன்பிறகு கிணற்று வேலைக்குப் போகவில்லை. கொத்தவேலைக்கும் போகவில்லை. காவல் வேலைக்கு வந்தார். அது உனக்கு அவமானமாக இருந்தது. நீ பத்தாம் வகுப்பு முடித்த வருஷம் யாரோ உன்னிடம், பொண்டாட்டி பிடித்ததும் நின்றவன் மகன் என்று சொல்லிவிட்டான். சட்டை கிழிய அடித்துக்கொண்டு வந்தாய். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் நின்று, "நான் ஒரு கெணத்துல விழுந்தா சித்தப்பா எறங்கியிருப்பார். நீங்க எறங்குவீங்களா?" என்று கேட்டாய். அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். வேறு எந்த அப்பனும் இறங்குவேன் என்றுதான் சொல்லியிருப்பான். அவர், "தெரியாது மக்களே" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அன்றைக்கு நீ சுவரிலிருந்த மாரியின் படத்தை எடுத்து உன் பெட்டியில் வைத்துக்கொண்டாய், பிறகு அதிலிருந்து சின்னதாக ஒரு பிரதி எடுத்துப் பர்ஸிலும் வைத்தாய். தலையில் தோர்த்துத் துண்டைக் கட்டுவதிலிருந்து மெதுவாகச் சிரிப்பதுவரை அவனைப்போலவே ஆனாய். அவனை உனக்கு நன்றாக ஞாபகம்கூட இருக்காது. கேட்டதை வைத்துத்தான் அவனைப்போல் ஆனாய்.

ஃபயர் ஃபோர்ஸில் வேலை கிடைத்து நீ உடுப்போடு வந்து நின்ற நாளில் அப்பா உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முகமூடி உண்டுல்லா?" என்று ஒன்றுதான் கேட்டார். நீ, "அதெல்லாம் உண்டு" என்று எரிச்சலாகச் சொன்னாய்.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாது. அப்பா மெடிக்கல் காலேஜில் கிடந்தபோது, கடைசி வாரத்தில், ஒரு மத்தியானம். நெஞ்சில் நீர் கோத்துப் பேசவே கஷ்டப்பட்டார். நீ டூட்டிக்குப் போயிருந்தாய். நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டு, "அன்னைக்கு நீ என் இடுப்பைப் புடிச்சேல்லா" என்றார். அத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை அவர் எடுத்தது அதுதான் முதல்முறை. "செல்வி சொன்னது சத்தியம். நான் நெனச்சிருந்தா உதறியிருக்கலாம். ரெண்டு மூணு உதறு உதறினேன். அப்புறம் உதறல்ல. ஒரு காலை மட்டும் போட்டுட்டு, யாராவது நம்மளைப் புடிக்க மாட்டாங்களான்னுதான் நின்னேன். நீ புடிச்சே. எனக்கு நிம்மதியா இருந்துது." நான், "போதும், பேசாதீங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. "அதைப் பத்தி எனக்கு வெக்கமில்ல. எல்லாரும் நான் எறங்கல்ல, எறங்கல்லன்னு சொன்னாங்க. அது இல்ல காரியம். மாரி கயித்தைப் புடிச்சப்போ அவன் பின்னால நின்னது நான். கை நீட்டினா எட்டும். நீ என்னைப் புடிச்ச மாதிரி நான் அவனைப் புடிக்கல்ல. அதை ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அப்புறம் அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஊர் முழுக்க ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது, அவர் வேறொரு கேள்வியோடு வாழ்ந்து முடித்திருக்கிறார். சாயங்காலம் நீ வந்து கால்மாட்டில் நின்றாய். உன் கையைப் பிடித்து ஏதோ சொல்ல முயன்றார். மூச்சு வரவில்லை. நீ, "ரெஸ்ட் எடுங்கப்பா" என்றாய். அவர் உன் உடுப்பின் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அவர் போன பிறகு இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று பலமுறை தோன்றியது. உன் துக்கம் ஆறட்டும் என்று தள்ளிப் போட்டேன். உனக்கு அவ்வளவு துக்கம் இருந்ததா என்ற சந்தேகமும் இருந்தது.

போன மாதம் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்க இறங்கிய ஒருவர், அவரைத் தூக்க இறங்கிய இன்னொருவர். முகமூடி உள்ள வண்டி வழியில் வந்துகொண்டிருந்தது. உன் ஆபீசர், "நில்லு, ஒரு அஞ்சு நிமிஷம்" என்றாராம். நீ நிற்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கயிற்றில் போனாய். ஒருவரைக் கட்டி மேலே அனுப்பினாய். நீ மேலே வந்ததும் சுவரோரம் விழுந்தாய். இன்னொருவருக்கு அதற்கு முன்பே உயிர் போய்விட்டிருந்தது. இதெல்லாம் பத்திரிகையில் வந்தது. வராதது ஒன்றை நேற்று விழா முடிந்து காப்பி கொடுக்கும் இடத்தில் உன் ஆபீசர் என்னிடம் சொன்னார். நீ கீழே போனதும் அனீஷ் அடுத்த கயிற்றைப் பிடித்துவிட்டானாம். உன்னோடு பயிற்சியில் இருந்த அனீஷ், நம் வீட்டில் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்கிற அனீஷ். அவனுக்கும் முகமூடி இல்லை. காலைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டானாம். "ஞான் பின்னில் நின்னு பெல்ட்டில் பிடிச்சு வலிச்சு, அம்மே. அவன் எனக்கிட்டு ஒரு அடி தந்நு" என்று ஆபீசர், பெல்ட்டைப் பிடித்து இழுத்ததற்கு வாங்கிய அடியைத் தாடையைத் தடவிக் காட்டினார். அங்கே இன்னும் மஞ்சளாகக் கன்றிய தடம் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

நீ கீழே பார்த்தாய் மக்களே. உன் சித்தப்பாவும் கீழேதான் பார்த்தான். முன்னால் போனவனையே பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு, தன் பின்னால் ஒருவன் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிவதில்லை. நீ யாரையோ பின்பற்றினாய். அந்த நிமிஷமே அனீஷ் உன்னைப் பின்பற்றினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் இருந்திருப்பான். பாபுவுக்குப் பின்னால் மாரி, மாரிக்குப் பின்னால் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் நானேகூட இருந்திருப்பேன், நீ இருந்ததால்தான் எனக்கு இடுப்பைப் பிடிக்கத் தோன்றியது. இது எங்காவது ஒருவரிடம் நிற்க வேண்டும். நம் குடும்பத்தில் அது உன் அப்பாவிடம் நின்றது. நின்றதற்கு அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. பேர் கெட்டதுதான் மிச்சம். அந்தக் கெட்ட பேரை அவர் யார்மேலும் மாற்றி வைக்கவில்லை. எனக்குப் பிடிவாதக்காரி என்று ஒரு பேர்கூட வர விடவில்லை. அவரையும் ஒருவன் பின்பற்றலாம் என்று உனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

மாரியை மறந்துவிடு என்று நான் சொல்லவில்லை. அவன் நல்லவன். கூட வேலை செய்தவன் விழுந்ததும் கணக்குப் பார்க்காமல் இறங்கியவன். ஆனால் அவன் ஒருவரையும் காப்பாற்றவில்லை, இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவன் போனதால் பாபு பிழைக்கவில்லை. நீ போனதால் ஒருவர் பிழைத்தார். அது உன் பயிற்சி, உன் மூச்சு, கொஞ்சம் அதிர்ஷ்டம். அடுத்தமுறை அதிர்ஷ்டம் இருக்குமா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் வேலையில் அடுத்தமுறை வரும். வரும்போது முகமூடி வந்தால் போ. வராவிட்டால் நில். நிற்கிற அந்த நேரத்தில் கீழே ஒருவர் செத்துப்போகலாம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று உன் அப்பாவைக் கேட்டிருக்கலாம். அவரைவிட அதை அறிந்தவர் யாரும் இல்லை. லேசாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். வாழ்நாள் முழுக்க அது கூடவே வரும். ஆனாலும் நில். பக்கத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்தால் அவன் பெல்ட்டைப் பிடி. அவன் அடித்தாலும் விடாதே.

இன்னும் ஒன்று. நீ ஐ.சி.யூ.வில் மயக்கமாகக் கிடந்தபோது, மறுநாள் காலையில் செல்வி வந்தாள். பத்திரிகையில் உன் படத்தைப் பார்த்துவிட்டு முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வெளியே பெஞ்சில் நானும் உன் பொண்டாட்டி ரேஷ்மாவும் உட்கார்ந்திருந்தோம். ஏழு மாத வயிற்றோடு அவள் விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேசப் போகிறாள், என்ன சொல்வாளோ என்று பயந்தேன். அவள் அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு, "மைனி, எல்லாரும் எம்புருஷனைத் தெய்வம்னு சொல்லுதாவ. எம்மவ கல்யாணத்துலயும் சொன்னாவ. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அந்தக் கயித்தைப் புடிச்சாருல்லா, அப்போ என்னைய ஒரு தடவை நெனச்சாரா? நெனச்சிருந்தா எறங்கியிருப்பாரா? இதை யாருகிட்ட போய்க் கேக்க?" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ரேஷ்மா தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையாளிப் பெண், தமிழ் கொஞ்சம்தான் புரியும் என்று உனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. வயிற்றில் கைவைத்துக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நீ வீட்டுக்கு வந்தபிறகு உனக்குச் சோறு போடுகிறாள், மருந்து எடுத்துக் கொடுக்கிறாள், விழாவுக்கு உன் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மேலுக்கு சுகமில்லை என்று விழாவுக்கு மட்டும் வரவில்லை. அவளுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் இருவரும் சிரித்துப் பேசுவதை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. நீ அசதி என்று நினைக்கிறாய்.

செல்வி கேட்டதை அவள் உன்னிடம் கேட்கமாட்டாள். கேட்டால் நீ பொய் சொல்வாயோ என்று பயம், பொய் சொல்லாவிட்டால் என்ன சொல்வாயோ என்று அதைவிடப் பயம். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தை நீதான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். முதலிலிருந்து, வாய்விட்டு, ஒன்றையும் தாண்டாமல் வாசி. செல்வி கேட்ட இடம் வரும்போது நிறுத்து. அப்புறம் ரேஷ்மாவின் முகத்தைப் பார்த்து, நீ கயிற்றைப் பிடித்தபோது அவளை நினைத்தாயா என்று பதில் சொல்.

அம்மா